இரண்டாவது ஊசி

1

எங்கள் ஆராய்ச்சி நிலையம் ஒவ்வொரு வசந்தகாலத்திலும் ஆறு வியாழக்கிழமைகள் ஊர்மக்களுக்குக் கதவைத் திறந்துவிடும். நோய் எதிர்ப்புச் சக்தி, தொற்றுநோய், தடுப்பூசி என்று ஆளுக்கொரு தலைப்பில் மாலை ஆறு மணிக்குப் பேசுவார்கள். கட்டணம் கிடையாது. டீயும் பிஸ்கட்டும் உண்டு. வீட்டில் ஹீட்டர் போட யோசிக்கிற ஓய்வுபெற்ற பெரியவர்கள் முன்வரிசையை நிரப்பிவிடுவார்கள். அவர்களுக்கு அறிவியலின் மேல் ஆர்வம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மார்ச் மாதத்தில் சூடான ஒரு அறை இருந்தால், அதில் எதைப் பற்றிப் பேசினாலும் கேட்பார்கள்.

ஐந்தாவது வியாழன் என்னுடையது. ஒன்பது வருடமாக நான் வெறிநாய்க்கடியைப் பற்றிப் பேசுகிறேன். கள்ளக்குறிச்சியில் என்னை விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் விஞ்ஞானி இல்லை. ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கிற தட்டுகளைத் தயார்செய்து, கழுவி, கணக்கு வைக்கிற உதவியாளர். ஊரில் சொல்வதை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. எனக்குச் சாதகமான பொய்யை நான் திருத்துவதில்லை என்பதை நீங்கள் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

உதவியாளரை எதற்கு மேடை ஏற்றினார்கள் என்றால், என்னிடம் ஒரு கதை இருந்தது. எங்கள் பிரிவின் தலைவி ஹெலன் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அதைக் கேட்டுவிட்டு, கையில் இருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "இதை மக்கள் கேட்க வேண்டும்" என்றார். முதல் வருடம் நான் மேடையில் "என் அண்ணன் எக்ஸ்பயர்ட் ஆனார்" என்று சொன்னேன். நம் ஊர்ப் பள்ளிக்கூட ஆங்கிலம். கூட்டம் முடிந்ததும் ஹெலன் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சொல்லை இங்கே பால் பாக்கெட்டுக்குத்தான் சொல்வார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து அண்ணன் ஒழுங்கான ஆங்கிலத்தில் செத்தான்.

சரியாக இருபதாவது நிமிடத்தில் அவனைச் சாகடிப்பேன். ஒன்பது வருடத்தில் அதில் நன்றாகத் தேர்ந்துவிட்டேன். எங்கே நிறுத்தினால் அரங்கம் மூச்சுவிடாது, எங்கே தண்ணீர் குடித்தால் முன்வரிசைக் கிழவி கண்ணாடியைக் கழற்றுவாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

2

மேடையில் நான் சொல்லும் கதை இது.

என் அண்ணன் சாதிக் கள்ளக்குறிச்சியில் மளிகைக் கடை வைத்திருந்தான். கல்வராயன் மலைக்குப் போய்ப் புளி, கடுக்காய், தேன் வாங்கி வருவான். என் கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால், திங்கட்கிழமை, கரியாலூரில் ஒரு நாய் அவன் இடது மணிக்கட்டைக் கடித்தது. அங்கேயே யாரோ காபித்தூளை வைத்துக் கட்டினார்கள். பைக்கை ஓட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டு, மற்ற ஊசிகளுக்கான தேதிகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது ஊசி வெள்ளிக்கிழமை. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் பக்கம் நாய்க்கடி ஊசி போட்டால் பத்தியம் இருக்க வேண்டும் என்பார்கள். கறி, மீன், முட்டை தொடக்கூடாது; தொட்டால் மருந்து முறிந்துபோகும். இதை எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் தெரியும். எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாண விருந்தில் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையோடு ஒரே தட்டில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட வேண்டும். அவன் கை வைக்காத தட்டில் மாப்பிள்ளையும் கை வைக்கமாட்டார். ஊசி போட்டால் கறி தின்னக்கூடாது, கறி தின்னாமல் கல்யாணம் நடக்காது. ஆகவே, படிப்பறிவில்லாத என் அம்மா, ஊசியைத் தள்ளிப்போட்டாள்.

இந்த இடத்தில் அரங்கத்திலிருந்து "ஓ" என்று ஒரு சத்தம் வரும். அதற்காக நான் மூன்று நொடி விட்டுவைத்திருக்கிறேன்.

பிறகு படம் போட்டு விளக்குவேன். இந்தக் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெதுவாக நடந்து போகிறது. முதல் ஊசி உடம்பை எழுப்பிவிடுகிறது. அடுத்தடுத்த ஊசிகள்தான் போதுமான எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றன. கிருமி மூளைக்குள் நுழைந்துவிட்டால் அதன்பிறகு எந்த ஊசியும் பயன்படாது. நாற்பதாவது நாள் அண்ணனுக்கு மணிக்கட்டில் குறுகுறுப்பு வந்தது. நாற்பத்திரண்டாவது நாள் தண்ணீர் டம்ளரைப் பார்த்ததும் தொண்டை இழுத்துக்கொண்டது. மின்விசிறிக் காற்று பட்டாலே கத்தினான். நாற்பத்தைந்தாவது நாள் போய்விட்டான். அவனுக்கு வயது இருபத்தெட்டு. பிறந்து இருபது நாளான ஒரு பெண்குழந்தை இருந்தது.

பேசி முடித்ததும் டீ வரும். ஒருத்தர் தவறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் அம்மாவை மன்னித்துவிட்டீர்களா?" என்று கேட்பார். மன்னித்துவிட்டேன் என்று சொல்வேன்.

3

அம்மா கள்ளக்குறிச்சியில் அதே வீட்டில் இருக்கிறாள். இடுப்பு எலும்பு உடைந்தபிறகு கட்டிலை விட்டு எழ முடியாது. பகலில் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்கிறாள். இரண்டு தடவை இங்கே கூட்டிவர விசா கேட்டேன். திரும்பிப் போவதற்கு இவருக்கு அங்கே போதுமான காரணம் இல்லை என்று இரண்டு தடவையும் மறுத்தார்கள். எழுதியவரை நான் குறைசொல்லமாட்டேன். விண்ணப்பத்தைப் படித்தாலே தெரியும், மகன் இறந்துவிட்டான், மருமகள் உடன் இல்லை, பேத்தி உடன் இல்லை. உண்மையிலேயே அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஷமீம் அண்ணி, அண்ணனின் மனைவி, அவன் செத்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சங்கராபுரத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போனவர்தான். அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என் புருஷனைக் கொன்ற கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். என்னோடு மட்டும் பேச்சு உண்டு. பெருநாளுக்குப் பேசுவார், குழந்தையின் மார்க்கைச் சொல்வார்.

குழந்தையின் பெயர் அஃப்ரின். அப்பாவின் அம்மாவைப் பார்க்காமலேயே வளர்ந்தாள். சங்கராபுரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் பெரிய தூரமில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஒருதடவை கல்யாண மண்டபத்தில் தூரத்தில் பார்த்ததாக அம்மா சொன்னாள். பச்சைத் தாவணி, சாதிக் மூக்கு. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அம்மா கேட்பது ஒன்றே ஒன்று.

"அந்தப் பொண்ண ஒரு தபா வந்து வூட்ல உக்காந்துட்டுப் போவச் சொல்லு. பேசக்கூட வேணாம். நான் பாத்துக்கினா போதும்."

"சொல்றேம்மா."

"நீ சொன்னா கேப்பா. உன்மேல அவளுக்கு உசுரு."

உசுருதான். ஏனென்றால் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் படித்தவள், நல்லவள், வெளிநாட்டில் அவளுடைய அப்பாவுக்காக மேடை ஏறிப் பேசுகிறவள். போன வருடம் நர்சிங் படிக்க இங்கேயே வந்துவிட்டாள். தங்குமிடம், பொறுப்பாளர், நெருங்கிய உறவினர் என்று எல்லாப் படிவத்திலும் என் கையெழுத்துதான். கிளம்புமுன் ஒரே ஒரு தடவை அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று கெஞ்சினேன். விமான நிலையத்துக்கு அவளை ஏற்றிப்போன வேன் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. நிற்கவில்லை.

4

என் மகள் ஸாராவுக்கு வயது பதினைந்து. தமிழ் கேட்டால் புரியும், திட்டினால் நன்றாகப் புரியும், பேச வராது. ஊரைப் பற்றி எதையாவது சொல்ல ஆரம்பித்தால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் கையைவிட்டுப் போகிறார்கள் என்று நீங்கள் படிக்கிற இந்தப் பத்திரிகையில் நானே இரண்டு தடவை அழுது எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் யாரும் போடாத கணக்கை, விலகிப்போனவள்தான் போட்டாள்.

இந்த வருடம் பேச்சை ஒத்திகை பார்க்கும்போது நேரம் குறிக்க அவளை உட்காரவைத்தேன். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் வந்தது, "படிப்பறிவில்லாத என் அம்மா" என்றேன், மூன்று நொடி விட்டேன். ஸாரா கையைத் தூக்கினாள்.

"நீ கல்யாணத்துக்கு முன்னாடியே மைக்ரோபயாலஜி டிகிரி முடிச்சிட்டேன்னு சொல்லியிருக்கியே" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "அப்போ நீ எங்கே இருந்தே?"

"வீட்டில்தான்."

"உனக்குத் தெரியாதா?"

"நேரம் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் கையில் இருந்த போனில் நேரத்தைப் பார்த்தாள். "பதிமூன்று நிமிடம், பத்து நொடி" என்று சொல்லிவிட்டு, ஒத்திகை முடியும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி நான் பார்த்ததில்லை.

5

நான் எங்கே இருந்தேன் என்று இப்போது சொல்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் அடுப்படியில் இருந்தேன். இரண்டு கையிலும் மருதாணி. அண்ணன் கதவுப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, வாடகைப் பாத்திரக்காரனோடு போனில் சண்டை போட்டு முடித்திருந்தான். அண்ணி பிரசவத்துக்குச் சங்கராபுரம் போயிருந்தார். நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் உறவுக்காரர்கள் நிறைய இருந்தாலும் அடுப்படியில் நாங்கள் மூன்று பேர்தான்.

ஊசியைப் பற்றிப் பேச்சை எடுத்தவள் அம்மா.

"நாளைக்கு ஊசி தேதிடா. காலையிலயே போய்ப் போட்டுக்கினு வந்துடு. மறந்துடாத."

"போட்டுக்கினா ஞாயித்துக்கெழம எப்புடிம்மா கறி துண்றது?"

"துண்ணாத. மாப்ள வூட்ல நான் சொல்லிக்கிறேன். நாய் கடிச்சிட்ச்சி, பத்தியத்துல கீறான்னு சொன்னா புரிஞ்சிக்க மாட்டாங்களா இன்னா?"

இதுதான் என் படிப்பறிவில்லாத அம்மா சொன்னது. போட்டுக்கொள் என்றாள். போடாதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குறுக்கே பேசினவள் நான். நிச்சயத்தின்போதே மாப்பிள்ளையின் பெரியப்பாவை வாசலுக்கு வந்து யாரும் வரவேற்கவில்லை என்று அவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை இங்கிலாந்தில் வேலை பார்க்கிறவர். எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். அந்த நாடு வேண்டும். ஒரு தட்டு பிரியாணியில் அது தடைப்பட்டுவிடுமோ என்று பயந்தேன்.

"அதெல்லாம் வேணாம்மா. அவங்க பெரியப்பா சும்மாவே மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறாரு. மாப்ள கூட உக்காந்து இவன் வெறுஞ்சோத்தப் பெசஞ்சா நல்லாவா இருக்கும்?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ தான இதெல்லாம் படிச்ச. நீயே சொல்லு. தள்ளிப்போட்டா ஒன்னும் ஆவாதா?"

"ரெண்டு மூணு நாள் தள்ளனா ஒன்னும் ஆவாதும்மா. திங்கக்கெழம போட்டுக்கட்டும். நான் படிச்சிருக்கேன்."

"பாப்பா சொன்னா சரியாதாம்மா இருக்கும்" என்றான் அண்ணன். ஊசி என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

இதில் உள்ள அசிங்கத்தை நீங்கள் முழுதாகப் பார்க்க வேண்டும். ஊசிக்கும் கறிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். வகுப்பில் அந்தப் பத்தியத்தைச் சொல்லித் தோழிகளோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். "ஊசியும் போட்டுக்கோ, கறியும் தின்னு" என்று நான் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் அம்மா அதைச் சுலபத்தில் நம்பமாட்டாள். உட்கார்ந்து விளக்க வேண்டும், அரைமணி நேரம் வாதாட வேண்டும், மருதாணி காயவேண்டும், பியூட்டிஷியன் வரவேண்டும். அம்மாவின் மூடநம்பிக்கையை உடைப்பதைவிட அதைப் பயன்படுத்திக்கொள்வது எனக்கு எளிதாக இருந்தது.

திங்கட்கிழமையும் அவன் போகவில்லை. புதன்கிழமை மாமியார் வீட்டுக்கு எனக்குப் போன் செய்தான்.

"பாப்பா, தேதிக்கு ஏன் வரலன்னு நர்சம்மா திட்டுவாங்க போலக்குது. காயமும் காஞ்சி பூட்ச்சி. போய்த்தான் ஆவணுமா?"

சுற்றிலும் புது உறவுகள். பெரியப்பா எதிரில். பாடப்புத்தகத்தில் அரைகுறையாகப் படித்தது ஒன்று சட்டென்று ஞாபகம் வந்தது.

"அந்த நாய் உயிரோட கீதான்னு விசாரி. பத்து நாள் உயிரோட இருந்துட்டா ஊசி வேணாம்."

கரியாலூரில் தெரிந்த கடைக்காரருக்கு அண்ணன் போன் போட்டான். நாய் நல்லாத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். எந்த நாய் என்று அண்ணனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கரியாலூரில் ஒரு நாய்தானா இருக்கும்?

அவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எனக்குச் சென்னையில் விசாவுக்கு நேரில் வரச்சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதியை விட்டால் மறுபடி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார் என் கணவர். போனேன். ஊசித் தேதியைத் தள்ளிப்போடலாம் என்று சொன்னவள் விசா தேதியைத் தள்ளிப்போடவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தபோது, அண்ணன் இனிப் பிழைக்கமாட்டான், உடனே வா என்று போன் வந்தது. பேசிவிட்டு, திரும்பி வந்து வரிசையிலேயே நின்று, கைரேகையையும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் காகிதங்களோடு நின்றிருந்தார். அண்ணி குழந்தையோடு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். மருத்துவர் கோபமாகத்தான் கேட்டார்.

"ஒரு ஊசியோட நிறுத்தியிருக்கீங்க. யார் நிறுத்தச் சொன்னது?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தாங்க" என்றாள் அம்மா. "கறி துண்ணா மருந்து முறிஞ்சி பூடும்னு நாந்தான் வேணாம்னு சொன்னேன்."

அண்ணி அதைக் கேட்டார். பத்தொன்பது வருடமாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, படங்கள் சேர்த்து, கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

6

இந்த வருடக் கூட்டத்துக்கு அஃப்ரின் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கல்லூரித் தோழிகள் இரண்டு பேரை வேறு கூட்டிவந்திருந்தாள். ஸாரா வரவில்லை. பரீட்சை என்றாள். பரீட்சை இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாற்றிச் சொல்லலாம் என்றுதான் மேடை ஏறினேன். சத்தியமாக. "என் அம்மா" என்று வருகிற இடத்தில் "நான்" என்று சொன்னால் போதும், ஆங்கிலத்தில் அது ஒரே எழுத்து. பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. வாய் பழகின பாதையிலேயே போனது. "ஓ" என்ற சத்தம் வந்தது. அஃப்ரின் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதாள். பக்கத்தில் இருந்த தோழி அவள் முதுகைத் தடவினாள். நான் தண்ணீர் குடித்தேன்.

தோழிகள் போனபிறகு நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். தூறிக்கொண்டிருந்தது. அஃப்ரின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"அத்தை, ஒன்னு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இங்க வந்தப்பறம் அந்தம்மாகிட்ட ஒரு தபா பேசலாமான்னு தோணிக்கினே இருந்துச்சி. வயசானவங்க, தெரியாம பண்ணிட்டாங்கன்னு. இன்னிக்கி நீங்க பேசினதக் கேட்டதும் அது பூட்ச்சி. சத்தியமா இனிமே முடியாது."

அம்மாவுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆசையையும் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குமேல் என்னால் அதை விழுங்க முடியவில்லை.

"அஃப்ரின், உங்கத்தாவுக்கு ஊசிய தள்ளிப்போடச் சொன்னது உங்க பாட்டி இல்ல. நான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மருதாணியை, பெரியப்பாவை, நாயை விசாரிக்கச் சொன்னதை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை. இரண்டு பஸ் போய்விட்டது.

"அந்தம்மா நம்பர் குடுங்க" என்றாள். "நான் அவங்களையே கேக்கறேன்."

ஊரில் அப்போது எல்லோரும் தூங்கியிருப்பார்கள். காலையில் பேசலாம் என்றேன்.

7

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் சமையலறையில், என் போனில், வீடியோவில் கூப்பிட்டாள். நான் அடுப்புப் பக்கம், படத்தில் விழாமல் நின்றேன். அங்கே மதியம். பார்த்துக்கொள்கிற பெண் போனை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"யாரு?"

"அஃப்ரின். சாதிக் பொண்ணு."

அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "கிட்ட புடி, கிட்ட புடி" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு திரையைத் தடவுகிறாள் என்று தெரிந்தது, விரல் மட்டும் பெரிதாக வந்து வந்து போனது.

"சாப்டியாம்மா? அங்க குளிரு ஜாஸ்தியாமே. ஒடம்பு தாங்குதா?"

"உங்கள ஒன்னு கேக்கணும்" என்றாள் அஃப்ரின். "எங்கத்தாவுக்கு ஊசி வேணாம்னு சொன்னது நீங்க இல்ல, அத்தைதான்னு அத்தை சொல்றாங்க. நெஜமா?"

அம்மாவின் விரல் நின்றது.

"உங்கத்தை பக்கத்துல கீறாளா?"

"கீறாங்க."

அம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். அவளுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் பேத்தி அவளுடையவள். பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டது அதைத்தானே.

"இல்லம்மா" என்றாள் அம்மா. "அவ சும்மா சொல்றா. எம்மேல இருக்கற பாசத்துல சொல்றா. கறி துண்ணா மருந்து முறிஞ்சி பூடும்னு நாந்தான் நிறுத்தனேன். அவ படிச்ச பொண்ணு. அவளா அப்புடி சொல்லுவா?"

"அம்மா, வேணாம்" என்று கத்திக்கொண்டு போனைப் பிடுங்கப் போனேன். "அம்மா, உண்மையச் சொல்லு."

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒன்னும் தெரியாது" என்றாள். பிறகு அஃப்ரினிடம், "அங்க நீ அவ கூடத்தான் இருக்கணும். அவ மனசு நோவாம இரு. நல்லா படி" என்றாள்.

அஃப்ரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். என்னிடம் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகையை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு உடனே புரிந்தது.

"அஃப்ரின், அவங்க பொய் சொல்றாங்க. நான் சொன்னதுதான்."

"வுடுங்க அத்தை. அவங்களே ஒத்துக்கறாங்க. அவங்கள காப்பாத்தறதுக்கு நீங்க ஏன் பழிய ஏத்துக்கறீங்க? நேத்து நான் அப்புடிச் சொன்னேன்னுதான? உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல."

என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவளுடைய விரல் அண்ணன் விரல்தான், நுனியில் கொஞ்சம் தட்டை.

"அடுத்த வருசம் பேசறப்ப இதையும் சேத்துச் சொல்லுங்க அத்தை" என்றாள். "அவங்க வாயாலயே ஒத்துக்கினாங்கன்னு."

நான் தரையைப் பார்த்தேன். சரி என்று சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினாள்.